ஈராண்டு வாழ்ந்த லீக்



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ரெட்டியார்சத்திரம். சத்திரம் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். சத்திரத்தில் எவரும் நிலையாகக் குடியிருப்பதில்லை. ஓரிரவு தங்கி, விடிந்ததும் புறப்பட்டுவிடுவர். ஆயினும் அந்த ஓரிரவுத் தங்கல் இல்லையேல் பயணம் தடைப்பட்டுவிடும். கிரிக்கெட் உலகிலும் அத்தகைய சத்திரம் ஒன்று இருந்தது. அதுவே இந்தியன் கிரிக்கெட் லீக்.

2007 மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி முதற்சுற்றிலேயே தோற்று வெளியேறியது. அடுத்த மாதமே, ஜீ தொலைக்காட்சி நிறுவனத்தை நிறுவிய சுபாஷ் சந்திரா இந்த லீகை அறிவித்தார். இந்திய ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை நாடிப் பெறாத நிறுவனம் அது. எனவே ஆட்டங்களைத் தானே நடத்த முற்பட்டது. 1983-இல் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் கபில்தேவ் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

மாநில அணிகளில் ஆடுவோர் பலர். இந்திய அணியில் இடம் பெறுவோர் மிகச் சிலர். எஞ்சியவர்களுக்கு லீகின் ஒப்பந்த ஊதியம் பெரும் பற்றுக்கோடாகத் தோன்றியது. ஆனால் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் இதை அங்கீகரிக்கவில்லை. லீகில் சேர்ந்தோர்க்கு மாநில அணிகளின் கதவும் இந்திய அணியின் கதவும் சேர்ந்தே அடைபட்டன. வாரியத்தைச் சார்ந்த மைதானங்களும் கிடைக்கவில்லை. ஆகவே 2007 நவம்பர் 30-ஆம் நாள், ஹரியானாவின் பஞ்சகுலாவில் ஆறு அணிகளுடன் முதற்போட்டி தொடங்கியது.

டிசம்பர் 16-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் சண்டிகர் அணியை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் லா அதன் தலைவர். 2001-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் புனேயில் சதம் அடித்த ஹேமங் பதானியும் அவ்வணியில் இருந்தார். சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறை ஐ.பி.எல். பட்டம் பெற்றது 2010-இல். அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே சென்னையின் பெயரால் ஒரு கோப்பை வெல்லப்பட்டிருந்தது. இதை இன்று நினைப்பவர் எத்தனை பேர்?

இதற்கிடையே வாரியமும் வாளாவிருக்கவில்லை. 2007 செப்டம்பரில் ஐ.பி.எல். போட்டியை அறிவித்து, 2008 ஏப்ரலில் தொடங்கியது. அதே இருபது ஓவர், அதே நகர அணிகள், அதே வெளிநாட்டு வீரர்கள். லாகூர், டாக்கா அணிகளைச் சேர்த்தும் பழைய லீகால் நிலைக்க முடியவில்லை. 2008 நவம்பருக்குப் பின் அதன் ஆட்டங்கள் நின்றன. 2009-இல், லீகின் தொடர்பை விட்டு வந்தோர்க்கு வாரியம் மன்னிப்பு வழங்கியது.

மன்னிப்பு எல்லோர்க்கும் ஒரே பயனைத் தரவில்லை. இளைஞராயிருந்த அம்பட்டி ராயுடு மீண்டு வந்து, 2013-இல் இந்திய அணிக்கு ஆடினார். முப்பதைக் கடந்திருந்த பதானிக்கு அந்த வாய்ப்பு மீளவில்லை. ஆட்டக்காரனின் வாழ்வில் ஈராண்டு என்பது உழவனுக்கு இரண்டு பருவ மழை தவறியதைப் போன்றது.

இன்று நம் மாவட்டத்தைப் பாருங்கள். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, நத்தம் கல்லூரி மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. அவ்வாண்டு திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடிய சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், பின்னர் இந்தியாவுக்குப் பந்து வீசினார். 2024-இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் அணியே பட்டத்தை வென்றது. இது கிரிக்கெட் சங்கமே நடத்தும் போட்டி. ஆதலால் இதில் ஆடும் கிராமத்து இளைஞன் தடையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பிழைப்பா, நாட்டுக்கு ஆடும் உரிமையா என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியதுமில்லை. 2007-இல் லீகில் சேர்ந்தவர்களோ அவ்விரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டியிருந்தது.

லீகை நடத்தியோர் தம் வாணிகத்தையே எண்ணியிருக்கலாம். எனினும் உள்ளூர் ஆட்டக்காரனுக்கும் மக்கள் கூடுவர், ஊதியமும் உண்டு என்பதை அவர்கள் காட்டினர். அதிகாரம் உள்ள அமைப்பு, பிறர் வந்து தட்டும் முன்பே கதவைத் திறந்து வைத்திருக்குமானால், சிறிய ஆட்டக்காரர்கள் அதற்கு விலை கொடுக்க நேராது. அந்த விலையைக் கொடுத்தவர்களின் பெயர்கள் வரலாற்றிலிருந்து விடுபட்டுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.