வாள் ஏந்தாத ஆசான்

பதினாறாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் தோன்றிய மெனோனைற் சபையார், வாள் எடுத்தலாகாது என்னும் நெறியினர். கை ஹேர்ஷ்பேகர் அச்சபையின் அறிஞர். 1896 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் பிறந்து, இந்தியானாவிலுள்ள கோஷன் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர்.

முதலாம் உலக யுத்தத்திலே படையிற் சேர மறுத்தோர் பட்ட பாடு சிறிதன்று. இனமொத்த சபையினரான ஹட்டரைற் சகோதரர் இருவர் 1918 இல் லெவன்வேர்த் சிறையிற் கைதிகளாயிருந்து மாண்டனர். மீண்டும் யுத்தம் மூண்டால் என் செய்வது? 1935 இலேயே ஹேர்ஷ்பேகர் இதற்கு விடை தேடினார். மறுப்பது மட்டும் போதாது. படைச்சேவைக்கு ஈடான பொதுத்தொண்டு ஒன்றைச் சபையே வகுத்து, அரசாங்கத்தின் முன் வைக்க வேண்டும் என்றார். தீர்க்கதரிசனமான யோசனை! 1941 முதல் 1947 வரை, பல சபைகளையும் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேர் ஊதியமின்றிக் காடு காத்தனர், மண்ணரிப்பைத் தடுத்தனர், மனநோய் மருத்துவமனைகளிலே பணிபுரிந்தனர்.

1944 இல் வெளிவந்த அவரது நூல், யுத்தத்தை மட்டுமன்றிக் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தையும் ஏற்க மறுத்தது. எதிரியைப் பணியவைக்கும் எம்முறையும், இரத்தம் சிந்தாவிடினும், ஒருவகைப் பலவந்தமே என்பது அவர் வாதம். காந்தியடிகளைப் போற்றுவோர்க்கு இது கசக்கும். ஆயினும் எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. அதேவேளை, ஒடுக்கப்பட்டவன் வாளாவிருந்தால் நீதி எங்ஙனம் பிறக்கும் என்ற கேள்விக்கு அதில் நிறைவான விடையில்லை. அக்கேள்வி அவரையும் விட்டுவைக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியபோது, முதிர்ந்த ஹேர்ஷ்பேகர் அவ்வியக்கத்தைப் பரிவுடனேயே நோக்கினார். 1989 இல் அவர் காலமானார்.