ஒரே மக்காச்சோளம், ஆளுக்கொரு கணக்கு
'நிலைத்த உயிரிப் பொருளாதாரம்' – இந்த வார்த்தைக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறதையே எடுத்துக்குவோம். அரசுக்கு அது கச்சா எண்ணெய் இறக்குமதியில மிச்சம். சர்க்கரை ஆலைக்கு, கரும்பு நிலுவையைத் தீர்க்கப் பணம்.

2023 டிசம்பர்ல கரும்புச்சாறுல எத்தனால் எடுக்க அரசு கட்டுப்பாடு போட்டதும், தேவை மக்காச்சோளத்துப் பக்கம் திரும்பிச்சு. விளைவிக்கிறவருக்கு நல்ல விலை. அதே விலைதான் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவனச் செலவு. சூழலியலாளர் கேட்கறது வேற: ஒரு லிட்டருக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு நிலம்?

இதுல யார் கணக்கும் பொய் இல்லை. ஆனா ஒரு ரிக்வயர்மென்ட்டை நாலு டீம் நாலு விதமாப் படிச்சா, கோட் எழுதறதுக்கு முன்னாடியே நாங்க உட்கார்ந்து பேசிடுவோம். இங்கயும் முதல்ல பேச வேண்டியது ஒண்ணுதான்: எது நிலைக்கணும், அதுக்கான செலவு யார் தலையில?