பளிக்கறைக்குள் நின்ற பெண்

ஒரு பெண், அவளைத் தேடி வரும் ஓர் இளைஞன், உடன்நிற்கும் தோழி, நடுவில் கொஞ்சம் மந்திரம். இன்றைய இளம் வாசகர்கள் இந்த மாதிரி நாவல்களை ஆங்கிலத்தில் தேடித் தேடிப் படிக்கிறார்கள். இத்தனையும் உள்ள கதை ஒன்று தமிழில் இருக்கிறது. அது நடக்கும் ஊர், காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். கதை, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை.

பௌத்த காப்பியம், அமுதசுரபி, பசிப்பிணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எல்லாம் சரிதான். ஆனால் மணிமேகலைக்குள் ஓர் இளம்பெண்ணின் மனசு துடிப்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

புகாரில் இந்திர விழா. இருபத்தெட்டு நாள் விழா. ஊரே அலங்கரித்துக்கொள்ள, மணிமேகலையின் தாய் மாதவியின் வீட்டில் மட்டும் துக்கம். தந்தை கோவலனுக்கும் அவன் மனைவி கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு மணிமேகலை அழுகிறாள். கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. அந்தப் பூ இனி வழிபாட்டுக்கு ஆகாது, வேறு பூப் பறித்து வா என்கிறாள் தாய். தோழி சுதமதியோடு உவவனம் என்ற சோலைக்குப் போகிறாள்.

அதே நேரம் சோழ இளவரசன் உதயகுமரன், மதம் பிடித்து ஓடிய பட்டத்து யானையை அடக்கிவிட்டுத் தேரில் வருகிறான். மணிமேகலை சோலைக்குப் போன செய்தி காதில் விழுந்ததும் தேரை அந்தப் பக்கம் திருப்புகிறான். தேரோசை கேட்ட சுதமதி தோழியை அங்கிருந்த பளிங்கு மண்டபத்துக்குள் அனுப்பித் தாழிடச் செய்கிறாள். உள்ளே நிற்பவர் உருவத்தை வெளியே காட்டும், குரலை மட்டும் வெளியே விடாது, அப்படியொரு மண்டபம். அவன் அவளைப் பார்க்கிறான். அவள் பேசினால் அவனுக்குக் கேட்காது. காதல் காட்சிக்கு இதைவிட நல்ல இடத்தை எந்த நாவலாசிரியர் கண்டுபிடித்துவிட முடியும்?

அவன் போன பிறகு மணிமேகலை சுதமதியிடம் சொல்வதைக் கேட்டால் மனம் உருகும். நோன்பை மதிக்காமல், குலத்தைச் சொல்லி என்னை இழிவாகப் பேசியவன் அவன். அப்படியிருந்தும் என் நெஞ்சு அவன் பின்னாலேயே போகிறதே, காமத்தின் இயல்பு இதுதான் என்றால் அது அழியட்டும் என்கிறாள். துறவைப் பெரிதாகப் போற்ற வந்த புலவர், அந்தத் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. சாத்தனார் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இந்த ஓரிடத்தால் வந்தது.

மந்திரமெல்லாம் அதன் பிறகுதான். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் அது என்று கருதுவோர் உண்டு. முற்பிறப்பில் உதயகுமரன் இராகுலன் என்ற பெயரில் அவளுக்குக் கணவனாக இருந்தவன் என்பது அங்கே தெரியவருகிறது. நெஞ்சு ஏன் அவன் பின்னால் போனது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வேற்றுருவம் எடுக்கவும், வானத்தில் பறக்கவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களோடும், அமுதசுரபி என்ற பிச்சைப் பாத்திரத்தோடும் ஊர் திரும்புகிறாள்.

இளவரசன் மறுபடி தேடி வரும்போது, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் மறைகிறாள். தீராப் பசியால் அலைந்த காயசண்டிகையின் கையில் பிச்சைப் பாத்திரம் எப்படி வந்தது என்று யோசித்து அவன் கண்டுபிடித்துவிடுகிறான்! உருவத்தை மாற்றியவள் பாத்திரத்தை மாற்றவில்லை. படிக்கும்போது சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு நீடிப்பதில்லை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தவறாக நினைத்து உதயகுமரன் மேல் வாளை வீசுகிறான்.

இந்தக் கதைக்குள்ளேயே இன்னொரு காதலும் இருக்கிறது. நெடுமுடிக்கிள்ளி என்ற சோழன் கடற்கரைச் சோலையில் பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசியைச் சந்திக்கிறான். ஒரு மாதம் உடனிருந்தவள் சொல்லாமலே மறைந்துபோகிறாள். பின்னர் அவர்களுடைய குழந்தையை ஏற்றி வந்த கப்பல் கவிழ்கிறது. பிள்ளையைத் தேடும் தவிப்பில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு காதலில் ஒரு நகரமே மூழ்கும் கதை இது. தனி நாவலாகவே எழுதலாம்.

இன்றும் பூம்புகாருக்குப் போனால் இந்தக் கதையின் மண்ணை மிதிக்கலாம். கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை அகழாய்வில் வெளிப்பட்டது. பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையும், சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்தன. உவவனத்தில் இருந்ததாகச் சாத்தனார் சொல்வதும் அப்படியொரு பாத பீடிகைதான்.

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் அச்சில் கொடுத்தார். நா.பார்த்தசாரதி இந்தப் பூம்புகாரை வைத்து 'மணிபல்லவம்' என்ற நாவலே எழுதினார். அதற்கு மேலும் இங்கே கதை இருக்கிறது. இளம் எழுத்தாளர்களே, மந்திரக் காதல் கதை எழுத ஆசையிருந்தால் புகாரிலிருந்து தொடங்குங்கள். படிக்க மட்டும் விரும்புகிறவர்கள் உரையோடு கூடிய ஒரு பதிப்பை எடுத்து, மலர்வனம் புக்க காதையான மூன்றாவது காதையிலிருந்து பதினொன்றாவது வரை முதலில் படியுங்கள். தத்துவப் பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.