பழைய போர்த் துவக்கும் கச்சான் தோட்டமும்

எழுவன்குளத்துக்கு அப்பால், வில்பத்துக் காட்டின் ஓரத்தில், முன்னாளில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் இரண்டு ஏக்கர் நிலத்திற் கச்சான் பயிரிட்டு வருகிறார். சென்ற ஆண்டு அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் காட்டுப்பன்றிகள் ஓர் இரவிலேயே நிலத்தின் பெரும்பகுதியை உழுது தள்ளிவிட்டுப் போயின. கடன் வாங்கி விதை போட்டவர். மறுநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டவர் ஒருவர் மேசைமுன் அமர்ந்து வெற்றுத் தோட்டாக்களுக்குத் தாமே மருந்து நிரப்புகிறார். பின்பு போரிற் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட பழைய ரைபிள் ஒன்றின்மேல் தொலைநோக்குக் கண்ணாடியைப் பூட்டி, நெடுந்தொலைவிலுள்ள இலக்கைச் சுடுகிறார்.

“சேர், இப்படி ஒன்று நமக்குக் கிடைக்குமா? தோட்டா விலை கொடுத்து மாளாது, நாமே நிரப்பிக்கொள்ளலாமா? கண்ணாடி பூட்டினால் இருட்டிலும் குறி தப்பாதாமே?” என்று கேட்டார்.

நான் கலைப்பட்டதாரி, வரலாறு கற்பிப்பவன். படைக்கலம் என் துறையன்று. ஆயினும் மாணவன் கேட்ட கேள்விக்கு “எனக்குத் தெரியாது” என்று கூறி அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை. நூல்களைப் புரட்டினேன். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டார் துவக்கு என்பதும், தமிழகத்தார் துப்பாக்கி என்பதும் துருக்கியரின் ‘துஃபெக்’ என்னும் ஒரே சொல்லின் வழிவந்தவை. சொல் ஒன்றாயினும் கருவி இருவகை. உழவர் கையில் இருப்பது வழுவழுப்பான குழலையுடைய சன்னத் துவக்கு. ஈயச் சன்னங்கள் பரந்து சென்று சில நூறு யார் தொலைவுக்குள் விழுந்துவிடும். ரைபிள் என்பது சுரிகுழல் துவக்கு. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட புரிகள் ஒற்றை ரவையைச் சுழற்றி விடுகின்றன. பம்பரம் சுழலும்போது சாயாது நிற்பதுபோல, சுழலும் ரவையும் தடுமாறாமல் நெடுந்தூரம் செல்கிறது.

உலகெங்கும் கழித்துவிடப்பட்ட போர் ரைபிள்களுள் நமக்கு மிகவும் அறிமுகமானது .303 என்பது. குழலின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு என்பது அதன் பொருள். 1888இல் பிரித்தானியப் படை இவ்வளவை ஏற்றபோது உள்ளே இருந்தது கரிமருந்து. 1891 முதல் கோர்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்தது. 1910இல் வந்த கூர்முனை ரவையின் எடை 174 கிரெயின்; அதாவது பதினொரு கிராமுக்குச் சற்று அதிகம். அது குழலை விட்டு நீங்கும் வேகம் செக்கனுக்கு 2,440 அடி. 1949இல் இலங்கைத் தரைப்படை அமைக்கப்பட்டபோது அதன் கையில் இருந்ததும் இந்த .303தான். அயல்நாடான இந்தியாவில் உத்தரப் பிரதேசப் பொலிசார் 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

புத்தளத்துக்கும் போர்க்காலத் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை இங்கு ஒரு விமானத்தளம் அமைத்தது. ‘ராஜாளிய’ என்று அதற்குப் பெயர். தமிழிலும் சிங்களத்திலும் அது ஒரே பறவை. மழையிற் சேறாகிப்போன நிலத்தில் புதைந்த போர்விமானங்களை யானைகளைக் கட்டி இழுப்பித்தார்கள். அவர்கள் 1945இற் புறப்பட்டுப் போனபின் .303 பித்தளை ஓடு ஒன்றை எங்கள் உறவினர் மூதாட்டி ஒருவர் எங்கோ பெற்று, ஊசிக் குழலாக வைத்திருந்தார். நான் முதன்முதலிற் கண்ட போர்த் தோட்டா அதுவே. நினைத்துப் பார்த்தால் அதைவிட நல்ல பயன் அதற்குக் கிடைத்திருக்க முடியாது.

இனி, தோட்டா நிரப்பும் கலைக்கு வருவோம். தோட்டாவுக்கு உறுப்பு நான்கு: பித்தளை ஓடு, அடியிலுள்ள கேப்பு, மருந்து, ரவை. சுட்டபின் எஞ்சுவது ஓடு ஒன்றே. விலையிற் பெரும்பங்கும் அதற்கே. ஆகவே அதை மீண்டும் பயன்படுத்த எண்ணுவது இயல்பு. வெளிநாடுகளில் இதற்கென அச்சுகளும் நுண்ணிய தராசுகளும் விற்கிறார்கள். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஓர் இறாத்தலில் 7,000 கிரெயின் உண்டு. அவர்கள் அந்தக் கிரெயினின் பத்தில் ஒரு பங்குவரை நிறுத்துப் போடுகிறார்கள். நம் வீட்டுக் கரண்டிக் கணக்கு அங்குச் செல்லாது.

பழைய போர்த் துவக்குக்கு இதிலும் ஒரு தனித் தொல்லை. போர்க்களத்துச் சேறும் மணலும் புகுந்தாலும் தோட்டா சிக்காமல் உட்செல்ல வேண்டும் என்பதற்காக, அதன் அறையைச் சற்றுத் தாராளமாகவே கடைந்திருப்பார்கள். வெடிக்கும்போது பித்தளை அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது. படைவீரன் ஓட்டை எறிந்துவிட்டுப் போகிறவன்; அவனுக்கு அதனாற் கேடில்லை. மீண்டும் நிரப்புகிறவனோ நீண்டதைச் சுருக்குகிறான். அது மறுபடி நீள்கிறது. அடிப்பக்கத்தில் மோதிரம்போல் மெல்லியதோர் ஒளிக்கோடு தோன்றும். பித்தளை உள்ளே தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அதைக் காணத் தவறினால், அடுத்த வெடியில் ஓடு இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவனின் முகத்தை நோக்கி வரலாம்.

கேப்பின் கதை வேடிக்கையானது. ஆங்கிலேயரான பொக்ஸர் கண்ட முறையை அமெரிக்கர் கைக்கொண்டனர். அமெரிக்கரான பேர்டான் கண்ட முறையை ஐரோப்பியரும் ஆங்கிலேயப் படையும் கைக்கொண்டனர். பேர்டான் முறையில் ஓட்டின் அடியில் நடுத்துளை இல்லை. எனவே பழைய கேப்பை உள்ளிருந்து ஊசியாற் குத்தித் தள்ள இயலாது. படைத்துறை .303 ஓடுகளிற் பெரும்பாலானவை இவ்வகையின. மேலும், பழைய கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேற்று வெடித்தபின் குழலில் ஒருவகை உப்பாகப் படிகிறது. உப்பு என்றால் என்னவென்று புத்தளத்து உப்பளத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓரிரவில் இரும்பைத் தின்னத் தொடங்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின்பே எண்ணெய் இட வேண்டும். பழைய படைவீரர் அனைவரும் அறிந்திருந்த செய்தி இது.

இவ்வளவையும் நூலிற் படித்தேன். நூலில் இல்லாத ஒன்றைச் சிறுவனாக இருந்தபோதே கண்டிருக்கிறேன். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பல பொருள்கள் அரிதாயின, தோட்டாவும் அரிதாயிற்று. என் தாய்மாமன் பித்தளைச் சன்னத் தோட்டாக்களை வைத்துக்கொண்டு, கரிமருந்தும் தென்னந்தும்பும் இட்டுத் தாமே நிரப்புவார். கைதேர்ந்தவர் என்று ஊரிற் பெயர். ஒருநாள் யாரோ ஒருவர் வேறொரு மருந்தைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார். மாமன் அதையும் வழக்கமான அதே அளவையால் அளந்து இட்டார். அது புகையில்லா மருந்து. கரிமருந்துத் துவக்கில், கரிமருந்தின் அளவால், அதை இடுவது குழலுக்குள் இடியை அடைப்பதற்கு ஒப்பாகும். குழல் பிளந்தது. இடக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் போயின. மாமி சோற்றைப் பிசைந்து அவர் தட்டில் வைப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை அவர் கடைசிவரை அறிந்திருக்கவில்லை. துவக்கு பழையது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைப் பற்றிய மூன்றாம் கேள்விதான் எனக்கு மிகவும் சுவையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் .303இன் நாலாம் இலக்க வகையுள் நன்றாகச் சுடுபவற்றைத் தெரிந்தெடுத்துத் தொலைநோக்கி பொருத்தினார்கள். அது பொருளை மூன்று மடங்கே பெருக்கிக் காட்டிற்று. இன்று கடைகளில் ஒன்பது மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று விற்கிறார்கள். பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று வாங்குவோர் எண்ணுகிறார்கள். மாலை மங்கிய நேரத்திலோ கணக்கு வேறு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 32 மில்லிமீற்றரை நாலால் வகுத்தால் எட்டு. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 40ஐ ஒன்பதால் வகுத்தால் நாலரைகூட இல்லை. இருளில் இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீற்றர் வரை விரியும். என்னைப்போல் ஐம்பதைக் கடந்தவருக்கு ஐந்தளவில் நின்றுவிடும். ஆகையால் பெருக்கம் கூடக்கூட, அந்திப்பொழுதில் உருவம் பெரிதாகும், ஆனால் இருண்டுபோகும். பன்றி வருவதோ அந்திக்குப் பின்.

பழைய துவக்கிற் கண்ணாடி பொருத்துவதும் எளிதன்று. தோட்டாக்களை ஐந்தைந்தாக மேலிருந்து அழுத்தி இடுவதற்கென அமைந்த கருவி அது. மேலே கண்ணாடியை வைத்தால் அவ்வழி அடைபடும். கண்ணை மிக அருகில் வைத்தால் பின்னுதைப்பில் புருவம் கிழியும். இரும்பைத் துளைத்துப் பொருத்துவது கைப்பழக்கமுள்ள கம்மியரின் வேலை. ஒரு நூலளவு கோணினாலும் குறி தவறும். இதற்கு உலகமறிந்த சான்று ஒன்றுண்டு. 1963 நவம்பர் 22இல் டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டது, 1940இற் செய்யப்பட்டுக் கழிக்கப்பட்ட கார்கானோ என்னும் இத்தாலியப் போர் ரைபிளால். அஞ்சல்வழி வியாபாரத்தில், நான்கு மடங்கு பெருக்கும் யப்பானியக் கண்ணாடியும் சேர்த்து, அதன் விலை 19 டொலர் 95 சதம். பின்பு ஆய்வாளர் அதைச் சோதித்தபோது, கண்ணாடியை நேராக்கி நிறுத்துவதற்கு அடியில் மெல்லிய தகடுகளைச் செருக வேண்டியிருந்தது. ஐந்தாண்டு கழித்து, 1968இல், அஞ்சலில் ரைபிள் அனுப்பும் வியாபாரத்தை அமெரிக்கச் சட்டம் நிறுத்தியது. இந்தியாவிலோ ஆங்கிலேயர் காலந்தொட்டே படைத்துறை அளவான .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாகவே அங்கே.315 அளவுள்ள வேட்டை ரைபிள் வழங்கலாயிற்று.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்தோடு உழவருக்கு வழங்கப்படுவது சன்னத் துவக்கு. படையினரின் ரைபிள் அன்று. வெடிமருந்தை வைத்திருக்கவும் தனி அனுமதி வேண்டும். இதைச் சொன்னபோது என் மாணவரின் முகம் வாடியது. “சட்டத்தை விடுங்கள், சேர். உண்மையில் அது பயன்படாதா?” என்று கேட்டார்.

நான் அவரை அழைத்துக்கொண்டு அவருடைய நிலத்தின் வரம்பில் ஏறி நின்றேன். மேற்கே ஒரு மேடில்லை, பாறையில்லை. காடும் வெட்டவெளியும் கலாஓயாவின் கழிமுகம்வரை தட்டையாகக் கிடக்கின்றன. அங்கே கங்கைவாடியில் மீனவர் குடியிருக்கிறார்கள். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் .303இன் பக்கவாட்டிற் பொருத்தப்பட்டிருந்த குறிகாட்டியில் 2,800 யார் வரை கோடு வெட்டியிருந்தார்கள். அதாவது ஒன்றரை மைலுக்கும் அதிகம். மலைநாட்டிற் சுடுபவனுக்குப் பின்னால் மலை நின்று ரவையைத் தாங்கிக்கொள்ளும். நம் கரையில் ரவையைத் தாங்குவது யார்? கண்ணாடி பன்றியைக் காட்டும். பன்றிக்குப் பின்னால், புதருக்கு அப்பால், தேன் எடுத்துத் திரும்புகிறவனையோ வலை தோளிலிட்டு நடக்கிறவனையோ காட்டாது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் கட்டுத்துவக்கு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கட்டுத்துவக்கின் கம்பியில் கால் இடறியவரை அவரும் அறிவார்; அடிபட்டுச் சீழ்வைத்த காலோடு அலையும் யானையையும் அவர் கண்டிருக்கிறார். தாமே தலையசைத்து அப்பேச்சை விட்டுவிட்டார்.

கல்பிட்டியில் எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் ஏழு மடங்கு பெருக்கும், 50 மில்லிமீற்றர் முன்கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. கடலோடிகள் வழக்கமாகக் கையாள்வது இவ்வளவே. வகுத்துப் பார்த்தால் ஏழு வருகிறது. என் மாணவரின் கண்மணிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல. அதை இரவல் வாங்கிக்கொண்டு, மூன்று மாலைகள் அவருடைய காவற் பரணில் இருவரும் அமர்ந்தோம். முதல் இருநாளும் ஒன்றும் வரவில்லை, நுளம்புதான் வந்தது. மூன்றாம் நாள், நிலவு எழுமுன் பதினொரு பன்றிகள் வந்தன. வேலி நெடுகிலும் நுழைகின்றன என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார். பதினொன்றும் வரண்ட ஓடைப் பள்ளத்தில் வேலியின் அடி தூக்கி நின்ற ஒரே இடத்தால், ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன.

மறுநாளே அவ்விடத்தில் கட்டைகளை நெருக்கமாக நட்டு, அடியிற் கல் அடுக்கி, முட்கம்பி இழுத்தார். ஒரு மாதத்தில் அவை வேறோரிடத்தைக் கண்டுபிடித்தன. அதையும் பரணிலிருந்து பார்த்து அடைத்தார். இந்தப் போகத்திற் கச்சானின் முக்காற் பங்கு வீடு வந்து சேர்ந்தது. சன்னத் துவக்குக்கு அவர் இட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. தொலைநோக்கியைப் படகுக்காரர் இருமுறை திருப்பிக் கேட்டுவிட்டார்.