படித்த படிப்பு வீண்போகலாகாது

 

வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில் நாம் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகின்றோம். ஒருமுறை கற்ற பாடத்தை மீண்டும் கற்று, நம் பிள்ளைகள் ஓராண்டை இழத்தலாகாது.

கல்வி நமக்கு எளிதில் கிட்டியதன்று. மைலாடி வேதமாணிக்கனாரின் அழைப்பை ஏற்று வந்த ரிங்கல்தௌபே அடிகளார், அவ்வூரில் 1809-இல் பள்ளி தொடங்கினார். நம் மண் திருவிதாங்கூரோடு இருந்த நாளில், 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்ட அய்யன்காளி, நம் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கப் போராடினார். அவ்வாறு பெற்ற கல்வியில் ஓராண்டேனும் வீணாகலாமா?

சில ஆண்டுகளுக்கு முன், மேல்நிலைத் தேர்வில் கணிதப் பிரிவில் தேறிய நம் மாணவர் ஒருவர் பாலிடெக்னிக்கின் முதலாண்டில் சேர்ந்தார். பத்தாம் வகுப்பு முடித்த சிறுவர்களோடு அமர்ந்து, அறிந்த கணிதத்தையும் இயற்பியலையும் மீண்டும் படித்தார். தந்தையோ செங்கற்சூளைத் தொழிலாளி. அந்த ஓராண்டுச் செலவு அக்குடும்பத்தின் மேல் விழுந்தது. வழிகாட்டியிருக்க வேண்டிய ஆசிரியர்களுள் நாமும் ஒருவர், அக்குறை நம்முடையதே.

உண்மை நிலை என்ன? கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று மேல்நிலைத் தேர்வில் தேறியோரும், தொழிற்பிரிவில் உரிய பாடங்களைப் பயின்றோரும் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப்பின் ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் பயிற்சி முடித்தோருக்கும் இவ்வழி உண்டு. பட்டயம் பெற்றோர் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பள்ளியில் கற்றதற்குக் கல்லூரி அளிக்கும் மதிப்பு இதுவே. அமெரிக்காவிலும் பள்ளியிலேயே உயர்நிலைப் பாடம் பயின்று தேர்வெழுதுவோருக்குப் பல கல்லூரிகள் இத்தகைய சலுகை வழங்குகின்றன.

கணக்கிட்டுப் பாருங்கள். மேல்நிலைக் கல்விக்குப்பின் பட்டயத்திற்கு 2 ஆண்டு, பட்டத்திற்கு 3 ஆண்டு; ஆக 5 ஆண்டு. முதலாண்டிலேயே சேர்ந்தால் 6 ஆண்டு ஆகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நேரடியாகச் சேர்வோர் முதலாண்டின் பொறியியல் வரைபடப் பாடத்தையும் பட்டறைப் பயிற்சியையும் தவற விடுகின்றனர். விடுமுறையிலேயே அவற்றைக் கற்றுக்கொண்டால் பின்னர் இடர்ப்பட வேண்டியதில்லை. நம்மிடையே பட்டயம் பெற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் மாலை வேளையில் இக்கழகத்தில் கற்பிக்க முன்வர வேண்டும்.

இளைஞர்களே! தேர்வு முடிவு வந்தவுடன் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு பாலிடெக்னிக்கிற்குச் சென்று, இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை பற்றிக் கேளுங்கள். கேட்பதற்கு நாணவேண்டா. முன்னோர் கேட்டதனால் பள்ளிக் கதவு திறந்தது. நாம் கேட்காமையால் ஓராண்டு கைநழுவலாகாது.