நீர் கடக்கும் இடம்

இன்று பட்டம் பெறும் பொறியியல் மாணவ மாணவியரே! சாலைப் பணியில் நரைத்தவன் என்ற யோக்கியதை ஒன்றையே துணையாகக் கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மாணவனாயிருந்த காலத்தில், சர்வே முகாமுக்காகச் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கியிருந்தோம். கடுங்கோடையில், ஏரியை அடுத்த பொட்டல் வெளியில் லெவல் கருவியையும் சங்கிலியையும் சுமந்து, இல்லாத ஒரு சாலைக்குச் சிறுபாலங்களை எங்கே வைப்பது என்று நாங்கள் கணக்கிட்டுக்கொண்டிருக்கையில், அவ்வூர் ஏரியின் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டிப் பெரியவர், எங்கள் வரைபடத்தை ஏறிட்டும் பாராமல், தரையையே உற்று நோக்கியபடி நடந்து சென்று, "தம்பி, இங்கே வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். வெடித்த களிமண்ணின்மேல் வெளுத்த நத்தை ஓடுகள் வளைந்து வளைந்து ஒரு கோடாகக் கிடந்தன. "ஐப்பசி கார்த்திகையிலே தண்ணி இந்த வழியாத்தான் போகும். இதை அடைச்சா மேல இருக்கிற ஊரு முழுகும், கீழ இருக்கிற ஏரி காயும்" என்றார். பிற்பாடு நான் வாசித்த நீரியல் கிரந்தங்களில் ஒன்றேனும் அவரை மறுக்கவில்லை.

அவர் எச்சரித்ததற்குச் சென்னையின் தென்புறத்திலேயே சாட்சி உண்டு. அங்கே ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில், 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். இழந்ததில் குப்பைமேடும் கட்டடங்களும் விழுங்கியதே பெரும்பகுதி என்பது வாஸ்தவம். ஆயினும் பல்லாவரம் பெரிய ஏரியையும், நாராயணபுரம் ஏரியையும், இறுதியில் அந்தச் சதுப்பையுமே ஊடறுத்துச் செல்லும் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையைப் பார்க்கையில், சாலை எடுத்துக்கொண்ட நிலம் சொற்பம், அது மறித்த நீரே அதிகம் என்பது என் அபிப்பிராயம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இச்சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடல் சேர வேண்டும்.

மறிப்பது ஒரு கேடு, அசுத்தப்படுத்துவது மற்றொன்று. டயர் தேய்ந்த துகளிலுள்ள துத்தநாகமும், பிரேக் தூளிலுள்ள தாமிரமும், சொட்டிய எண்ணெயும் கோடை முழுவதும் தாரின்மேல் படிந்திருந்து, முதல் மழையிலேயே பெருமளவு ஏரிக்குள் இறங்கிவிடுகின்றன. ஓரத்தில் புல் வளர்த்த ஆழமற்ற வாய்க்காலும், வண்டல் தங்கும் சிறு குட்டையும் அமைத்தால் அவற்றில் பெரும்பங்கைத் தடுக்கலாம்; சதுப்பைக் கடந்தே தீரவேண்டுமென்றால் மண்மேடு போடாமல் தூண்களின்மேல் கடக்கலாம். செலவு கூடும் என்பார்கள். 2015-இன் சென்னை வெள்ளத்துக்கு நாம் கொடுத்த விலையை எந்த எஸ்டிமேட்டில் எழுதினோம்?

நாளை உங்கள் மேஜைக்கும் ஒரு சாலைத் திட்டம் வரும். கையொப்பமிடுமுன் ஒரு கார்த்திகை மழையில் அவ்விடத்துக்குப் போய் நில்லுங்கள். அவ்வூர் நீர்க்கட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.