வரைபடத்துக்கு வெளியே நிற்கும் சேரி



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டம் அது. அவர்களின் நினைவில் பேச அழைத்திருக்கிறீர்கள். துப்பாக்கியே இல்லாமல், ஒரு முத்திரையில் நிலம் நிரந்தரமாகக் கைமாறும் இடம் ஒன்று உண்டு. நகர் ஊரமைப்பு அலுவலரின் மேசை. இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கல் நட்ட வயல், கொடி கட்டிய நுழைவு வளைவு, ‘டி.டி.சி.பி. அப்ரூவல் பெற்ற மனைகள்’ என்ற பலகை. அந்த அப்ரூவல் எப்படிக் கிடைக்கிறது? பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல், மனைப்பிரிவு வரைபடம் எல்லாம் கோப்பில் சேர்கின்றன. சாலை அகலம் போதுமா, வாய்க்கால் குறுக்கிடுகிறதா, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று அலுவலர் பார்க்கிறார். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பிறகு இறுதி ஒப்புதல் வருகிறது.

இந்த நடைமுறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாத மனையை மலிவாக வாங்கி, சாலையும் வடிகாலும் இல்லாமல் தவித்தவர்களில் நம் மக்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான் இந்த முத்திரைக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. மதிப்பு கூடிய முத்திரை எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

கோப்பு கேட்பது, பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று. அந்தப் பெயருக்குப் பட்டா எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. அதன்படி வழங்கப்பட்ட நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். சென்னை மாகாணம் முழுவதும் அப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது, பல ஊர்களில் இந்த நிபந்தனைக் குறிப்பு விடுபட்டது. நிலம் இருக்கிறது, நிபந்தனை காகிதத்தில் இல்லை. அலுவலர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. அவர் முன்னால் உள்ள காகிதம் சுத்தமாக இருக்கிறது, ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்.

அதன் பிறகு என்ன ஆகிறது? ஒரு புல எண் நூறு மனைகளாகிறது. நூறு குடும்பங்கள் வங்கிக் கடனில் வீடு கட்டுகின்றன. நேற்றுவரை ஒரே ஆளிடமிருந்து மீட்டிருக்க வேண்டிய நிலத்துக்கு இனி நூறு பேர்மீது வழக்குப் போட வேண்டும். அவர்களில் நம்மவர்களும் இருப்பார்கள். ஆகவே, மீட்புப் போராட்டத்துக்கு மனைப்பிரிவு ஒப்புதல்தான் கெடு.

இன்னொன்றையும் பாருங்கள். மனைப்பிரிவு வரைபடம் அந்த நிலத்தின் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. கோட்டுக்கு வெளியே சேரி இருக்கிறது. வயல் வரப்பு வழியாகத் தலைமுறைகளாகச் சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப்போன பாதை புலப்படத்தில் இல்லாவிட்டால், அலுவலரின் கண்ணுக்கும் இல்லை. சுற்றுச்சுவர் எழுந்த பிறகுதான் பாதை போனது ஊருக்குத் தெரியும். கிராவல் கொட்டி மனையை உயர்த்தினால் மழைத்தண்ணீர் தாழ்வான காலனிக்குள் வரும். ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாகப் பார்க்கும் முறையில் இந்தத் தண்ணீருக்குப் பொறுப்பாளி யாருமில்லை.

சட்டத்தில் நமக்கான வரிகளும் உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த மனைகள் யாருக்கு விற்கப்பட்டன? கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

அமெரிக்காவில் பால் டேவிடாஃப் என்ற நகர்த் திட்டமிடல் அறிஞர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். திட்டம் என்பது நடுநிலையான தொழில்நுட்பம் அல்ல, வழக்கில் வக்கீல் இருப்பதுபோல ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் தங்கள் தரப்பில் வாதாடும் திட்டமிடுநர் வேண்டும் என்பது அவர் வாதம். நமக்கும் அது வேண்டும். சட்டம், பொறியியல், சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் வாங்கி ஒப்பிடுங்கள். விடுபட்ட பஞ்சமி புல எண்களை ஆட்சியருக்கும் சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். மனைக்கோப்பு வருவதற்கு முன் நம் கடிதம் அங்கே இருக்க வேண்டும். இரண்டாவது, சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால், மேய்க்கால் எல்லாவற்றையும் நீங்களே நடந்து வரைந்து, கிராம சபைத் தீர்மானமாக்குங்கள். மூன்றாவது, முழுமைத் திட்டத்துக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் ஆட்சேபனை கேட்டு வரும் அறிவிப்புகளைத் தவறாமல் படித்து, கெடு முடிவதற்குள் மனு கொடுங்கள்.

இதில் ஊர்வலத்தின் பரபரப்பு இருக்காது. தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடக்கும் வேலை இது. ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்ட நிலம் இன்னும் பல ஊர்களில் மனையாகாமல் கிடக்கிறது. கல் நடுவதற்கு முன் அதன் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

ஜெய்பீம்.